கைகள் கூறும் தீர்ப்பு

நுழையும் முன்

தீர்ப்பு வழங்குவது ஒரு பணி. வழங்கிய தீர்ப்பை அனைவரும் ஐயமின்றி அறியுமாறு தெரிவிப்பது மற்றொரு பணி. கூடைப்பந்து நடுவர் இவ்விரண்டையும் சில நொடிகளுக்குள் செய்து முடிக்கிறார். அவருக்குத் துணை நிற்பவை ஓர் ஊதலும் இரு கைகளுமே. அக்கைகள் பேசும் மொழியின் சொற்களையும் அதன் ஒழுங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

மொழி பல, களம் ஒன்று

போபால் நகரில் பள்ளி மாணவியருக்கான மண்டலக் கூடைப்பந்துப் போட்டி ஒன்று நடைபெறுவதாகக் கொள்வோம். வெள்ளைச் சட்டை அணிந்த அணியில் இந்தி பேசுவோரும் வங்காளம் பேசுவோரும் உள்ளனர். வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பேசும் மாணவியர் இருவரும் உள்ளனர். சிவப்புச் சட்டை அணியினரின் பேச்சில் மராத்தியும் ஒடியாவும் கலந்து ஒலிக்கின்றன. நடுவர் இருவருள் ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்தவர். மற்றவர் ஆந்திரத்தைச் சேர்ந்தவர்.

நான்காம் கால் பகுதி முடிய இன்னும் ஒரு நிமிடமே எஞ்சியுள்ளது. வெள்ளை அணி ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கிறது. சிவப்பு அணியின் 7ஆம் எண் மாணவி, பந்தைக் கூடையை நோக்கி எறிய எழும்புகிறாள். வெள்ளை அணியின் 4ஆம் எண் மாணவியும் 14ஆம் எண் மாணவியும் அவளைத் தடுக்க ஒருங்கே எழும்புகின்றனர். எறிபவளின் மணிக்கட்டில் ஓர் அடி விழுகிறது. பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறிக்கிறது. ஊதல் ஒலிக்கிறது.

14ஆம் எண் மாணவியின் பெயரில் ஏற்கெனவே நான்கு தவறுகள் பதிவாகியுள்ளன. இன்னும் ஒன்று சேர்ந்தால் அவள் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். 4ஆம் எண் மாணவியின் பெயரில் இரண்டு தவறுகளே உள்ளன. அடித்த கை எவருடையது என்பதை நடுவர் அறிவார். ஆனால், அவர் அறிந்தால் மட்டும் போதாது. களத்தின் ஓரத்தில் மேசையருகே அமர்ந்திருக்கும் பதிவாளரும் அதனைப் பிழையின்றி அறிய வேண்டும். அந்நேரத்தில் எவரும் நடுவரின் வாயைப் பார்ப்பதில்லை; அனைவரும் அவருடைய கைகளையே பார்க்கின்றனர்.

ஆட்டத்துடன் பிறந்த எண்ணிக்கை

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கூடைப்பந்து தோன்றியது. அங்கிருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதனை உருவாக்கினார். பனிக்காலத்தில் மாணவர்கள் கூடத்திற்குள்ளேயே ஆடுவதற்கு ஏற்ற ஒரு விளையாட்டு அவருக்குத் தேவைப்பட்டது. வெளியில் ஆடும் முரட்டு ஆட்டங்களைக் கூடத்திற்குள் ஆடினால் காயமே மிஞ்சும். எனவே, பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவதை அவர் தடுத்தார். வலிமையைக் காட்டிலும் குறிக்கு வேலை இருக்குமாறு இலக்கை உயரத்தில் வைத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டு, கூடத்தின் மேல்மாடத்தில் பொருத்தப்பட்டன.

நெய்ஸ்மித் வகுத்த 13 விதிகள், 1892 ஜனவரி 15 அன்று அப்பள்ளியின் இதழில் அச்சாயின. தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், காலை இடறிவிடுதல், அடித்தல் ஆகியவற்றை அவ்விதிகள் தடை செய்தன. முதன்முறை செய்தால் அது தவறு எனக் கணக்கிடப்பட்டது. இரண்டாம் முறை செய்தவர், அடுத்த புள்ளி விழும் வரை வெளியில் நிற்க வேண்டும். ஓரணி தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி வழங்கப்பட்டது. தவறுகளை எண்ணிக் கணக்கில் வைக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டதை இதனால் அறியலாம்.

அன்றைய விதிகள் பணியையும் இருவருக்குப் பகிர்ந்தளித்தன. ஒருவர் ஆட்டக்காரர்களைக் கண்காணித்துத் தவறுகளைக் குறித்துக்கொண்டார். மற்றவர் பந்தையும் நேரத்தையும் புள்ளிகளையும் கவனித்தார். ஒரு தலைக்கு இரண்டே கண்கள் என்னும் உண்மை அன்றே உணரப்பட்டிருந்தது.

கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வழியாக இவ்விளையாட்டு பல நாடுகளுக்குப் பரவியது. அதே சங்கத்தின் உடற்கல்விக் கல்லூரி 1920ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. இன்று இந்தியாவில் நடைபெறும் கூடைப்பந்து ஆட்டங்கள் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிகளைப் பின்பற்றுகின்றன. நடுவர்களின் சைகைகளும் அவ்விதிநூலிலேயே படங்களுடன் தரப்பட்டுள்ளன.

மடக்கிய கையும் விரித்த கையும்

ஆடுகளத்தில் நிகழும் பிழைகள் இருவகைப்படும். ஒன்று விதிமீறல், மற்றொன்று ஃபவுல் என வழங்கும் தவறு.

பந்தைத் தரையில் தட்டாமல் நடத்தல், பந்துடன் எல்லைக்கோட்டைத் தாண்டுதல் போன்றவை விதிமீறல்கள். இவற்றால் எவருக்கும் காயம் நேர்வதில்லை. பந்து எதிரணியின் கைக்கு மாறும், அவ்வளவே. செய்தவரின் பெயரில் எதுவும் எழுதப்படுவதில்லை.

எதிரணியினர்மேல் முறையற்று உடல் படுவதும், விளையாட்டுப் பண்பை மீறி நடந்துகொள்வதும் தவறுகள் ஆகும். இவை செய்தவரின் பெயரில் பதிவு செய்யப்படும். ஓர் ஆட்டத்தில் ஐந்து தவறுகள் சேர்ந்தால் அவர் அவ்வாட்டத்தில் மேலும் ஆட இயலாது.

ஊதல் இரண்டிற்கும் ஒன்றே. ஆகவே, ஊதியவுடன் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் பொறுப்பு கைக்கு உரியது. விதிமீறல் எனில் நடுவர் விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை விரித்து, ஒரு கையை மேலே உயர்த்துவார். தவறு எனில் விரல்களை மடக்கி ஒரு கையை மேலே உயர்த்துவார். விரித்த கை 'பந்து மாறும்' என்கிறது. மடக்கிய கை 'ஒரு பெயர் எழுதப்படும்' என்கிறது.

உயர்த்திய கைக்கு இன்னொரு பயனும் உண்டு. கடிகாரத்தை இயக்கும் நேரக் காப்பாளர், கூச்சலில் ஊதலொலி சரியாகக் கேட்காவிடினும், அக்கையைக் கண்டு கடிகாரத்தை நிறுத்திவிடலாம். இதனால்தான் கை தோளளவில் நில்லாமல் தலைக்கு மேலே நேராக உயர வேண்டும் என்று நடுவர்களுக்குப் பயிற்சியில் வலியுறுத்தப்படுகிறது.

ஊதலிலிருந்து மேசை வரை

தவறு நிகழ்ந்த இடத்தில் தொடங்கிப் பதிவாளரின் தாளில் முடியும் வரை நடுவரின் செயல்கள் ஒரு வரிசையில் அமைகின்றன. அவ்வரிசை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதில்லை.

முதலில், நடுவர் ஊதி, மடக்கிய கையை உயர்த்தி, ஒரு கணம் அவ்விடத்திலேயே நிற்கிறார். அக்கணம் வீணானதன்று. தவறு செய்தவரின் சட்டை எண்ணை மனத்தில் பதித்துக்கொள்வதற்கும், பாதிக்கப்பட்டவர் யார் என்பதை உறுதி செய்துகொள்வதற்கும் அது பயன்படுகிறது. கீழே விழுந்தவர்கள் எழுகிறார்களா, ஒருவரையொருவர் முறைக்கிறார்களா என்பதையும் அவர் கவனிக்கிறார்.

அடுத்து, பந்தை எறியும் செயலில் தவறு நிகழ்ந்ததா, அன்றா என்பதைக் காட்டுகிறார். எறியும் செயலில் நிகழ்ந்திருந்தால், ஃப்ரீ த்ரோ எனப்படும் தனி எறிதல்கள் எத்தனை என்பதை விரல்களால் காட்டுவார். இல்லையெனில் தரையைச் சுட்டுவார்.

பின்னர், பதிவாளர் மேசையிலிருந்து தம்மைத் தெளிவாகக் காணக்கூடிய இடத்திற்கு வந்து நிற்கிறார். நின்ற பின்னரே சைகை காட்ட வேண்டும். ஓடிக்கொண்டே காட்டும் விரல்களை எவராலும் எண்ண இயலாது. ஆட்டக்காரர்கள் இடையே நின்று மறைத்தால், மறைப்பு நீங்கும் இடத்திற்கு நகர்ந்துகொள்ள வேண்டும்.

அங்கிருந்து அவர் மேசைக்கு மூன்று செய்திகளைத் தெரிவிக்கிறார்.

1. தவறு செய்தவர் யார்? சட்டை எண்ணைக் காட்டுகிறார்.
2. அவர் செய்தது என்ன? தவறின் வகையைக் காட்டுகிறார்.
3. அதன் விளைவு என்ன? தனி எறிதல்களின் எண்ணிக்கையையோ, ஆட்டம் தொடரும் திசையையோ காட்டுகிறார்.

யார், என்ன, விளைவு என்னும் இவ்வரிசை, ஒரு வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் அமைவது போன்றது. வரிசை குலைந்தால் பொருள் மயங்கும். இரண்டு விரல்களைக் காட்டினால் அது சட்டை எண் 2 ஆகவும் இருக்கலாம். இரண்டு தனி எறிதல்களாகவும் இருக்கலாம். முதலில் வருவது எண், இறுதியில் வருவது விளைவு என்னும் ஒழுங்கு இருப்பதால்தான் பதிவாளருக்கு ஐயம் எழுவதில்லை. வாய்ச்சொல்லையும் நடுவர் துணையாகப் பயன்படுத்தலாம். பன்னாட்டு ஆட்டங்களில் அச்சொல் ஆங்கிலத்தில் அமையும். ஆயினும், சைகையே முதன்மையானது.

மேசையில் அமர்ந்திருப்போர் செய்தியைப் பெற்றவுடன் தம் பணியைத் தொடங்குகின்றனர். பதிவாளர் அவ்வாட்டக்காரரின் பெயருக்கு நேரே தவறைக் குறிக்கிறார். அவருக்கு அது எத்தனையாவது தவறு என்பதைக் காட்டும் எண் பலகை உயர்த்தப்படுகிறது. ஒன்று முதல் நான்கு வரையுள்ள பலகைகளில் எண் கறுப்பு நிறத்தில் இருக்கும். ஐந்தாம் பலகையில் மட்டும் எண் சிவப்பு நிறத்தில் இருக்கும். அணி செய்யும் தவறுகளும் கணக்கிடப்படுகின்றன. ஒரு கால் பகுதியில் ஓரணி நான்கு தவறுகள் செய்துவிட்டால், அதன்பின் அது தடுத்தாடும்போது செய்யும் ஒவ்வொரு தவறுக்கும், எறியும் செயலில் நிகழாவிடினும், எதிரணிக்கு இரண்டு தனி எறிதல்கள் கிடைக்கும்.

விரல்களால் எழுதும் எண்கள்

சட்டை எண்ணைக் காட்டும் முறை நுட்பமானது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களுக்கு வலக்கை விரல்கள் போதும். ஆறு முதல் பத்து வரை இரு கைகளின் விரல்களும் தேவை. பதினொன்று முதல் பதினைந்து வரை வேறொரு வழி உண்டு. வலக்கையை மடக்கிக் காட்டினால் அது பத்து. இடக்கை விரல்கள் மீதியைக் காட்டும். எனவே, மடக்கிய வலக்கையும் இடக்கையின் நான்கு விரல்களும் சேர்ந்தால் 14 ஆகும்.

பதினாறும் அதற்கு மேற்பட்ட எண்களும் இரண்டு அசைவுகளில் காட்டப்படும். முதலில் புறங்கை மேசையை நோக்கியிருக்கப் பத்தின் இடத்து எண் காட்டப்படும். பின்னர் உள்ளங்கை மேசையை நோக்கியிருக்க ஒன்றின் இடத்து எண் காட்டப்படும். 24 எனில், புறங்கை தெரிய இரண்டு விரல்கள்; அடுத்து உள்ளங்கை தெரிய நான்கு விரல்கள். புறங்கைக்கு ஒரு மதிப்பும் உள்ளங்கைக்கு ஒரு மதிப்பும் தந்து, இரு கைகளைக் கொண்டே 99 வரை எழுதிவிடுகிறது இம்முறை.

அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகள் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தன. அங்குப் பள்ளி ஆட்டங்களுக்கெனத் தனி விதிநூல் உண்டு. மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு அதனை வெளியிடுகிறது. அவ்விதிநூலின்படி, சட்டை எண்ணில் 0 முதல் 5 வரையுள்ள இலக்கங்கள் மட்டுமே இடம்பெறலாம். 23 உண்டு, 45 உண்டு. 26 இல்லை, 8 இல்லை. ஒரு கையில் உள்ள விரல்கள் ஐந்து. ஆகவே, ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரு கையாலேயே காட்டிவிட முடிகிறது. நடுவர் வலக்கையால் பத்தின் இடத்து எண்ணையும் இடக்கையால் ஒன்றின் இடத்து எண்ணையும் ஒருங்கே காட்டலாம். எதிரே அமர்ந்திருக்கும் பதிவாளருக்கு நடுவரின் வலக்கை இடப்புறம் தெரியும். எனவே, தாளில் எழுதிய எண்ணைப் படிப்பது போலவே இடமிருந்து வலமாக அவர் அதனைப் படித்துவிடுவார்.

மாணவர் அணியும் சட்டையின் எண், நடுவரின் விரல்களைக் கருதி வரையறுக்கப்பட்டுள்ளது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. தீர்ப்பைத் தெளிவாகத் தெரிவிப்பதற்கு அவ்விதிநூல் அத்தகைய முதன்மை தந்துள்ளது.

செயலைக் காட்டும் சைகைகள்

தவறின் வகையைக் காட்டும் சைகைகளுள் பெரும்பாலானவை, நிகழ்ந்த செயலையே திரும்ப நடித்துக் காட்டுபவை. பன்னாட்டு விதிநூல் கூறும் சைகைகளுள் சில வருமாறு:

கையால் அடித்தல்: நடுவர் தம் மணிக்கட்டைத் தாமே மறு கையால் தட்டிக் காட்டுவார்.

பிடித்தல்: ஒரு கையைக் கீழ்நோக்கி வைத்து, அதன் மணிக்கட்டை மறு கையால் பற்றிக் காட்டுவார்.

தள்ளுதல்: இரு கைகளையும் முன்னோக்கித் தள்ளிக் காட்டுவார்.

வழிமறித்தல்: இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிக் காட்டுவார். எதிரில் வருபவரின் பாதையில் முறையற்று உடலை நுழைத்தவர்மேல் இத்தவறு சாரும்.

பந்துடன் மோதுதல்: மடக்கிய கையால் மறு கையின் உள்ளங்கையில் குத்திக் காட்டுவார். தடுப்பவர் முறைப்படி முன்னரே இடம் பிடித்து நிற்க, பந்து வைத்திருப்பவர் அவர் மார்பில் மோதினால் தவறு மோதியவருடையது.

இறுதியில் கூறிய இரண்டும் நடுவர்களுக்குக் கடினமானவை. இருவர் மோதிக்கொண்டனர் என்பதை அரங்கிலுள்ள அனைவரும் காண்பர். யார் முன்னரே இடம் பிடித்தார் என்பதைக் கூர்ந்து நோக்கியவரே காண்பர். ஒரே மோதல், இடுப்பில் ஊன்றிய கைகளானால் தடுத்தவரின் தவறாகும். உள்ளங்கையில் விழும் குத்தானால் மோதியவரின் தவறாகும். எனவே, இவ்விடத்தில் சைகை தயக்கமின்றி ஒரே முறை காட்டப்பட வேண்டும்.

வேறு சில சைகைகள் செயலை நடிப்பவை அல்ல, குறியீடுகளாக அமைந்தவை. ஒரு கையின் விரல் நுனிகள்மேல் மறு கையைக் கிடையாக வைத்து, ஆங்கில எழுத்தான 'டி'யின் வடிவத்தைக் காட்டினால் அது டெக்னிக்கல் எனப்படும் நடத்தைத் தவறு. நடுவரை அவமதித்துப் பேசுதல் போன்றவை இதில் அடங்கும். ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி அதன் மணிக்கட்டை மறு கையால் பற்றினால், அது விளையாட்டுப் பண்புக்கு மாறான தவறு. மடக்கிய கைகள் இரண்டையும் உயர்த்தினால், செய்தவர் உடனே களத்தைவிட்டு வெளியேற்றப்படுகிறார் என்பது பொருள்.

தமிழில் நெல்லை வழக்கு, கொங்கு வழக்கு என வட்டார வழக்குகள் இருப்பது போலச் சைகை மொழியிலும் வழக்கு வேறுபாடுகள் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில், பந்து வைத்திருப்பவர் மோதினால் நடுவர் ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக் காட்டுவார். வேண்டுமென்றே செய்த தவறுக்கு, இரு கைகளையும் தலைக்கு மேலே மணிக்கட்டுகள் குறுக்கிடுமாறு வைப்பார். மேசைக்குச் செய்தி தரும்போது முதலில் அணியின் நிறத்தைக் கூறி, அதன்பின்னரே எண்ணைக் காட்டுவார். தவறுக்கு மடக்கிய கை, விதிமீறலுக்கு விரித்த கை என்னும் அடிப்படை இரு வழக்குகளுக்கும் பொதுவானது.

இன்னொருவரின் கண்கள்

ஒரு நடுவர் மேசைக்குச் செய்தி தந்துகொண்டிருக்கும்போது மற்றவர் என்ன செய்கிறார்? பார்வையாளர்கள் அவரைக் கவனிப்பதில்லை. ஆனால், அவருடைய பணி குறைந்ததன்று. களத்திலுள்ள பத்து ஆட்டக்காரர்களையும் அவர் கண்காணிக்கிறார். தவறு நிகழ்ந்த உடனே சினம் மேலிடும். ஒரு சொல்லோ ஒரு தள்ளலோ சண்டையாக மூளக்கூடும். முதல் நடுவரின் பார்வை மேசையை நோக்கித் திரும்பும் அந்நேரத்தில், ஆட்டக்காரர்கள்மீது ஒருவர் பார்வையேனும் இருக்க வேண்டும். தனி எறிதலுக்கு உரியவர் யார் என்பதையும் அவர் மனத்தில் கொள்கிறார்.

ஆட்டம் நடக்கும்போதும் இப்பங்கீடு தொடர்கிறது. இரு நடுவர் முறையில் ஒருவர் ஆட்டத்திற்கு முன்னே சென்று, கூடைக்கு அருகே இறுதிக் கோட்டின் வெளியில் நிற்பார். அவர் முன் நடுவர். மற்றவர் ஆட்டத்திற்குப் பின்னே, பக்கக் கோட்டை ஒட்டி வருவார். அவர் பின் நடுவர். பந்து மறுபக்கம் திரும்பினால் பின் நடுவரே முன் நடுவராகிவிடுவார். மூவர் பணியாற்றும் ஆட்டங்களில், எதிர்ப்பக்கக் கோட்டருகே நடு நடுவர் ஒருவரும் இருப்பார்.

பந்து இருக்கும் இடத்தையே இருவரும் பார்ப்பது பெரும் பிழையாகக் கருதப்படுகிறது. பந்தில்லாத இடத்தில்தான் சட்டையைப் பிடித்திழுத்தலும் முழங்கையால் இடித்தலும் மறைவாக நிகழும். ஒருவர் பந்தைச் சூழ்ந்த ஆட்டத்தைப் பார்க்க, மற்றவர் பந்தில்லாதோரைப் பார்க்க வேண்டும். நெய்ஸ்மித் காலத்தில் இருவர் பிரித்துக்கொண்ட பணி, இன்று இவ்வடிவம் பெற்றுள்ளது.

கைகள் கூறக் கூடாதவை

நடுவரின் கைகள் கூற வேண்டியவற்றைப் போலவே கூறக் கூடாதவையும் உண்டு. தவறு செய்தவரின் முகத்தை நோக்கி விரலை நீட்டுதல் ஆகாது. அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் தவறு செய்தவரைச் சுட்ட வேண்டுமெனில், உள்ளங்கை தரையை நோக்கியிருக்க, கையை அவருடைய இடுப்பளவில் நீட்டுவர். அக்கை ஆளைச் சுட்டுகிறது, பழிக்கவில்லை. ஒரே சைகையை மீண்டும் மீண்டும் வேகமாகக் காட்டுவதும், அடியை மிகைப்படுத்தி நடிப்பதும் தவிர்க்கத்தக்கவை. சினமோ ஏளனமோ சைகையில் கலந்தால், அது தீர்ப்பாக இல்லாமல் வசையாகிவிடும்.

பதினான்கு வயது மாணவி ஒருத்தி, பெற்றோரும் தோழியரும் பார்த்திருக்கத் தவறு செய்தவளாக அறிவிக்கப்படுகிறாள். அவளுக்கு அது எளிய தருணமன்று. தன் எண், தான் செய்த செயல், அதன் விளைவு ஆகிய மூன்றும் தெளிவாகவும் அமைதியாகவும் கூறப்பட்டால், தீர்ப்பை ஏற்காவிடினும் அதனைப் புரிந்துகொள்வாள். எதற்காக ஊதினார் என்றே தெரியாதபோதுதான் மனம் கசந்துபோகும்.

மீண்டும் அக்களத்தில்

போபால் களத்திற்குத் திரும்புவோம். மணிக்கட்டில் அடித்தவள் 4ஆம் எண் மாணவி. நடுவர் அதனைத் தெளிவாகக் கண்டார். அவருடைய வலக்கை மடங்கி உயர்ந்தது. பின்பு அவர் மேசையை நோக்கி வந்தார்.

பிழை நேரக்கூடிய இடம் இதுவே. உயர்த்திய வலக்கையை மடக்கியவாறே வைத்துக்கொண்டு, இடக்கையால் நான்கு விரல்களை அவர் காட்டினால் பதிவாளர் எதனைப் படிப்பார்? மடக்கிய வலக்கை பத்து, இடக்கை நான்கு. அவர் தாளில் 14 என்றே எழுதுவார். நடுவரின் கண் பிழை செய்யவில்லை; பதிவாளரின் கண்ணும் பிழை செய்யவில்லை. இறக்க மறந்த ஒரு கையால், செய்யாத தவறுக்கு ஒரு மாணவி இறுதி நிமிடத்தில் வெளியேற நேரிடும். பதிவுப் பிழையைப் பின்னர்த் திருத்த விதி இடம் தருகிறது. ஆனால், அவள் வெளியில் அமர்ந்திருந்த மணித்துளிகளை எவரும் திருப்பித் தர இயலாது.

அந்நடுவர் மேசை தெரியும் இடத்தில் நின்றார். இரு கைகளையும் கீழே இறக்கினார். பின்னர், வலக்கையின் நான்கு விரல்களை மட்டும் விரித்துக் காட்டினார். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். இரண்டு விரல்களைக் காட்டினார்.

மேசையில் ஒரு பலகை உயர்ந்தது. அதில் 3 என்னும் எண் கறுப்பு நிறத்தில் இருந்தது. 4ஆம் எண் மாணவி தலையசைத்தாள். 14ஆம் எண் மாணவி, அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டாள். சிவப்பு அணியின் 7ஆம் எண் மாணவி, பந்தை வாங்கிக்கொண்டு தனி எறிதல் கோட்டின் முன் சென்று நின்றாள்.

சொல்லும் பொருளும்

ஊதல் – விசில்
களம் – ஆடுமிடம்
சைகை – கையாலும் உடலாலும் காட்டும் குறிப்பு
ஒருங்கே – ஒரே நேரத்தில்
புறங்கை – கையின் வெளிப்பக்கம்
இலக்கம் – எண்ணில் அமைந்த ஒவ்வோர் எண்ணுரு
ஏளனம் – இகழ்ச்சி
வசை – பழிச்சொல்
மணித்துளி – நிமிடம்

பயிற்சி

1. விதிமீறலுக்கும் தவறுக்கும் உள்ள வேறுபாடுகளை மூன்று வாக்கியங்களில் எழுதுக.
2. 'யார், என்ன, விளைவு' என்னும் வரிசை மாறினால் என்ன குழப்பம் நேரும்? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. பன்னாட்டு முறைப்படி 5, 9, 13, 24 ஆகிய எண்களைக் கைகளால் காட்டுக. அருகில் அமர்ந்திருப்பவர் அவற்றைத் தமிழ்ச் சொற்களால் எழுதட்டும்.
4. அமெரிக்கப் பள்ளி விதிப்படி 17, 32, 40, 56 ஆகியவற்றுள் சட்டை எண்ணாக இடம்பெறத்தக்கவை எவை? காரணம் கூறுக.
5. உங்கள் வீட்டிலும் தெருவிலும் பேசப்படும் மொழிகள் எவை? மொழி தெரியாதவரிடம் கையசைவால் நீங்கள் ஒரு செய்தியைத் தெரிவித்த நிகழ்ச்சியைப் பத்து வரிகளில் எழுதுக.